குளத்து நீரும் மூக்கு நோயும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நாம், திருவனந்தபுரத்தைச் சொந்த ஊராகவே கொண்டுவிட்டோம். நீர்வளம் மிக்க நகரம் இது. பத்மதீர்த்தமும், கரமனை ஆறும், கோயில்தோறும் விளங்கும் குளங்களும் நம் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவன. விடுமுறையில் ஊர் சென்றால் அங்கும் ஊருணியும் ஏரியும் நம் பிள்ளைகளை அழைக்கின்றன. ஆயினும், தெளிந்து தோன்றும் நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

நீரிலிருந்து மூக்கினுள் புகும் ஒரு நோயைப் பற்றி இன்று சிந்திப்போம். மருத்துவர்கள் அதனை ரைனோஸ்போரிடியோசிஸ் என்பர். உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமே. ஆதலால் நாம் இதனை அறிந்திருத்தல் கடமையாகும்.

1900-ஆம் ஆண்டில் புவனஸ் அயர்ஸ் நகரில் கில்லெர்மோ சீபர் என்பவர் இந்நோய்க் கிருமியை விவரித்தார். 1923-இல் ஆஷ்வொர்த் என்னும் அறிஞர் இதன் வளர்ச்சியை ஆராய்ந்து, இது பூஞ்சை இனம் என்று முடிவு கட்டினார். அக்கருத்தே நெடுங்காலம் நிலவியது. 1999-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, இது உண்மையான பூஞ்சை அன்று என்றும், மீன்களைப் பற்றும் சில நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு உறவினது என்றும் காட்டியது. பூஞ்சைகளைக் கொல்லும் மருந்துகள் இதனிடம் பெரிதும் பயனற்றுப் போனமைக்குக் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது.

தேங்கிய நீரில் மூழ்கிக் குளிப்போரின் மூக்கில் சிறு கீறல் இருப்பின், அவ்வழியே இக்கிருமி உட்புகுவதாக மருத்துவர்கள் கருதுகின்றனர். உட்புகுந்த வித்து உருண்டைப் பையாகப் பருத்து, பின் வெடித்து, ஆயிரக்கணக்கான வித்துக்களைச் சிதறுகிறது. மூக்கில் செந்நிறச் சதை மெல்ல வளர்கிறது. அதன்மேல் தோன்றும் வெண்புள்ளிகளே அப்பைகள். மூக்கடைப்பும், தொட்டால் குருதி கசிதலும் இதன் அறிகுறிகள். சிலருக்குக் கண்ணிலும் வருவதுண்டு.

சதையை அறுத்தெடுத்து அதன் அடியை மின்சூட்டினால் தீய்ப்பதே தக்க சிகிச்சை. டாப்சோன் என்னும் மருந்தும் துணையாக வழங்கப்படுகிறது. சிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்புவதுண்டு. ஆகவே தொடர்ந்து மருத்துவரிடம் காட்டி வருதல் வேண்டும். இது ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்குத் தொற்றும் நோயன்று. ஆகையால் வெட்கி மறைத்தலும் வேண்டா. நோயுற்றோரை ஒதுக்குதலும் வேண்டா.

மூக்கின் வழியே வரும் வேறோர் இடரும் உண்டு. அமீபா என்னும் நுண்ணுயிரால் விளையும் மூளைக் காய்ச்சல் அது. 2024-இல் நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்து நீரோடு தொடர்புடையோரிடம் இது கண்டறியப்பட்டது. 2025-இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில், மூளையை அமீபாவும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையும் ஒருங்கே தாக்கிய ஓர் இளைஞர் உயிர் பிழைத்தார். முன்னைய நோய் மாதக்கணக்கில் வளர்வது. இதுவோ சில நாட்களிலேயே உயிரைக் கவரவல்லது. குளத்தில் குளித்த சில நாட்களுள் காய்ச்சல், கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றினால், உடனே மருத்துவமனைக்குச் சென்று, குளித்த செய்தியையும் மறவாது கூறுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எளியனவே. கால்நடைகள் கலக்கும் நீரில் தலை மூழ்காதிருப்போம். பிள்ளைகள் கரையிலிருந்து குதித்து நீரை மூக்கில் ஏற்றாமல் தடுப்போம். மூக்கினுள் புண் இருக்கும்போது குளம் இறங்கோம். மூக்கைக் கழுவ வேண்டின், கொதிக்கவைத்து ஆறிய நீரையே கொள்வோம்.

குளங்களைத் துறந்துவிடுமாறு நாம் கூறவில்லை. அவை நம் முன்னோர் அகழ்ந்து வைத்த செல்வங்கள். குப்பையும் கழிவும் சேராமல் அவற்றைக் காத்து, அறிவோடு பயன்படுத்துவோமாயின், நம் பிள்ளைகளும் அவற்றின் கரையில் மகிழ்ந்திருப்பர். அந்நற்பணியில் நம் சங்கமும் முன்நிற்க வேண்டுமென விழைந்து அமைகின்றோம்.