நெருக்கடியிலும் விடாத பாடம்

(உலக செவிலியர் நாளான மே 12 அன்று நமது சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை)

என்னை உங்களில் பலருக்கு 'பி.பி. பார்க்கும் டீச்சரம்மா' என்றுதான் தெரியும். ஓய்வு பெறும்வரை செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான்.

1943-ல், போரின் நடுவே, அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர் பற்றாக்குறை. அரசு மாணவச் செவிலியர் படை ஒன்றைத் தொடங்கியது. கட்டணம், சீருடை, மாதப்படி எல்லாம் அரசே கொடுத்தது. தலைமை ஏற்றவர் லூசில் பெட்ரி, செவிலியர் ஆசிரியை. 36 மாதப் படிப்பு 30 மாதமாகச் சுருங்கியது. ஆனால் மீதி 6 மாதம் சும்மா விடவில்லை. மேற்பார்வையில் மருத்துவமனைப் பணி. 1,20,000-க்கும் அதிகமானோர் படித்து முடித்தனர். அவசரத்திலும் மாணவியைத் தனியே விடாததுதான் தலைமை.

நமக்கும் அந்தச் சோதனை வந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. கைபேசியில் பாடம் நடத்தினோம். நரம்பு தேடி ஊசி போடுவதைத் திரையில் கற்றுத்தர முடியுமா? 2021 மே மாதம், பி.எஸ்சி., ஜி.என்.எம். முடித்தவர்களை மூத்தோர் மேற்பார்வையில் கொரோனா பணிக்கு முழுநேரம் பயன்படுத்தலாம் என மத்திய அரசு அறிவித்தது.

அப்போதுதான் படிப்பை முடித்திருந்த ஒரு மாணவியின் அப்பா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், பொண்ணை அனுப்பலாமா?" உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் மூத்த செவிலியர் கூட இருப்பாரா என்று விசாரிக்கச் சொன்னேன். பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். தவறில்லாமல் கழற்றும்வரை அவளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். பிறகுதான் "போய் வா" என்றேன்.

வார்டில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடகை வீட்டில்தான் கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். லிஃப்டில் ஏற வேண்டாம் என்றார்கள் இங்கே. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து நான்கு மாடி ஏறினாள். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் பயம் இருந்தது. ஆனாலும் அந்தப் படிக்கட்டை என்னால் மறக்க முடியவில்லை.

நம் வளாகத்தில் இன்றும் செவிலியர்களும் மாணவிகளும் இருக்கிறார்கள். நெருக்கடி வந்தால் விருந்தினர் அறை அவர்களுக்கு என்று அடுத்த பொதுக்குழுவில் இப்போதே தீர்மானம் போடுவோம். பயம் வந்த பிறகு முடிவெடுப்பது கடினம்.

பி.பி. பார்க்க வழக்கம்போல் ஞாயிறு காலை வாருங்கள்.