தரவரிசைப் பலகையும் காலி நாற்காலியும்



இப்போதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு ஃபிளெக்ஸ் நம்மை வரவேற்கிறது. தரவரிசையில் இன்ன இடம், நாக் தரமதிப்பீட்டுக் குழு கொடுத்த கிரேடு, கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், ஓரத்தில் பொன்னாடை போர்த்திய நாலு முகங்கள். நல்ல செய்திக்கு முகம் சுளிக்கிறவன் அல்ல நான். 2024 ஆகஸ்டில் வெளியான தேசியத் தரவரிசையில், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் என்றதும் நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய மாதம் வந்த செய்தி எந்த ஃபிளெக்ஸிலாவது ஏறியதா? அந்த ஜூலையில்தான் ஊழலுக்கு எதிராகப் போராடும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்ற பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் கணக்கைப் புரட்டியபோது, 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். கோகுலத்துக் கண்ணன்தான் ஒரே பொழுதில் பல வீடுகளில் இருந்தான் என்று பாட்டி கதை சொல்லுவாள். நம் காலத்தில் பேராசிரியர்களும் அந்த வித்தையைக் கற்றுவிட்டார்கள்! முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஆசிரியர் இருந்தார், வகுப்பில் இல்லை. அந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

சேப்பாக்கத்துக்கு வாருங்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. வரிப்பாக்கி ரூ. 424 கோடியாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வரிப்பாக்கி! துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அதன்பிறகு நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. துணைவேந்தர் இல்லாமலே பட்டமளிப்பு விழாவும் நடந்தது. மாலை, மேடை, அங்கி எல்லாம் இருந்தன. நாற்காலியில் உட்கார வேண்டியவர்தான் இல்லை.

அந்த நாற்காலியில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்களா? நடந்ததையே சொல்கிறேன். 27 ஆண்டுகள் அங்கே துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வாருங்கள் என்று சர் சி.வி. ராமனையே அழைத்தார். ராமன், நான் வரவில்லை, என் மாணவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மாணவர் ஜி.என். ராமச்சந்திரன். 1952இல் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதுதான். முதலியார் என்ன செய்தார்? எத்தனை கட்டுரை, எந்த இதழ், எத்தனை புள்ளி என்று படிவத்தை நீட்டினாரா? துறையையே அவர் கையில் கொடுத்தார்.

கிண்டி வளாகத்தில் ஓர் எக்ஸ்ரே கருவி. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். அதை வைத்துக்கொண்டு, நம் தோலையும் எலும்பையும் தாங்கி நிற்கிற கொலாஜன் என்ற புரதம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தார்கள் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று சுருள் இழைகள் சேர்ந்து நிற்கின்றன என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் உயிர்வேதியியல் பாடநூலைப் பிரித்தாலும் அந்த வரைபடம் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஐயா அது! (கைதட்டல்)

கைதட்டுங்கள், தட்ட வேண்டிய சாதனை. தட்டிய கையோடு இதையும் கேளுங்கள். அதே முப்பது வயதில், முனைவர் பட்டம் வாங்கி, நெட் தேர்விலும் தேறிய ஒரு பிள்ளை இன்று நம் அரசுக் கல்லூரி வாசலில் நிற்கிறார். அவருக்கு என்ன கொடுக்கிறோம்? கௌரவ விரிவுரையாளர் வேலை. மாதம் ரூ. 20,000 என்றிருந்த தொகுப்பூதியம் ரூ. 25,000 ஆனதே பெரிய போராட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் என்ன சொன்னது? வகுப்புக்கு ரூ. 1,500, மாதம் ரூ. 50,000 வரை கொடுக்கலாம் என்றது. அதில் பாதியைக் கொடுத்துவிட்டு, மே மாதம் அதுவும் இல்லை என்கிறோம். மே மாதத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டாமா?

நிரந்தர வேலைக்கு அறிவிப்பே வரவில்லையா என்றால், வந்தது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள். தேர்வு தள்ளிப்போனது. காத்திருந்தவர்களின் வயது மட்டும் தள்ளிப்போகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதிப் பணி 1913இல் தொடங்கியது. முதல் தொகுதி முடிந்தது 1924இல், ஆறாவது 1936இல், பிற்சேர்க்கை 1939இல். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1926 முதல் அதைக் கட்டி இழுத்தவர் வையாபுரிப் பிள்ளை. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கேட்கும் இன்றைய படிவத்தை அவரிடம் நீட்டியிருந்தால் அந்த அகராதி ‘க’ வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடப்பதற்கு யார் பொறுப்பு? ஆளுநரைக் கேட்டால் அரசு என்கிறார். அரசைக் கேட்டால் ஆளுநர் என்கிறது. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உட்பட ஆளுநர் ஒப்புதல் தராத பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. துணைவேந்தரை அரசே நியமிக்கலாம் என்று நாம் மூச்சுவிடுவதற்குள், மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. மாநில உரிமைக்கான சண்டை நியாயமானது, நான் அரசின் பக்கம்தான். ஆனால் கௌரவ விரிவுரையாளருக்கு ஐம்பதாயிரம் கொடுக்க எந்த ஆளுநர் கையெழுத்து வேண்டும்? அரசுக் கல்லூரியின் காலியிடத்தை நிரப்ப எந்த வழக்கு குறுக்கே நிற்கிறது? இதற்கு ஆளுநர் மாளிகையைக் கைகாட்டுவது ஏமாற்று வேலை.

ஆகவே நம் கோரிக்கை சுருக்கமானது. நிரந்தர ஆசிரியர்களை நியமியுங்கள். அதுவரை மானியக் குழு சொன்ன சம்பளத்தைப் பன்னிரண்டு மாதமும் கொடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வரிக்காரர் முன்னால் கைகட்டி நிற்காத அளவுக்கு மானியத்தை உயர்த்துங்கள்.

பெற்றோர்களே, அட்மிஷன் நேரத்தில் ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு நேராகப் பணம் கட்டப் போகாதீர்கள். துறை அலுவலகத்துக்குள் போங்கள். இங்கே அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடம் எத்தனை, நிரந்தரமாக நிரம்பியது எத்தனை என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே ஒரு தகவல் உரிமை மனு எழுதிப் போடுங்கள்.