ஒட்டிக்கொண்ட வால்



உதவித்தொகை கேட்டு ஆங்கிலத்தில் எழுதும் விண்ணப்பங்களில் ‘எங்கள் எகனாமிக்கல் கண்டிஷன் சரியில்லை’ என்ற வரி அடிக்கடி தலைகாட்டும். சொல்ல வந்தது குடும்பத்தின் பொருளாதார நிலை. அதற்கு ‘எகனாமிக்’ போதும். வாலாக ஓர் ‘அல்’ ஒட்டிக்கொண்டால் பேச்சு சிக்கனத்துக்குப் போய்விடும். குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் பைக்கைத்தான் எகனாமிக்கல் என்பார்கள். ரிசர்வ் வங்கி அலசுவதோ எகனாமிக் நிலவரம்.

‘ஹிஸ்டாரிக்’கிலும் இதே வால் வேலை காட்டுகிறது. 1969 ஜூலையில் நிலவில் மனிதன் கால் பதித்தது ஹிஸ்டாரிக். வரலாற்றில் நிற்கும் செயல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஹிஸ்டாரிக்கல் நாவல். கதை கடந்த காலத்தில் நடக்கிறது, அதனால் அந்தப் பெயர். நூறாண்டுக்கு முந்தைய வரி ரசீதுகூட ஹிஸ்டாரிக்கல் ஆவணம்தான். அதற்குப் பெருமை ஒன்றும் வேண்டியதில்லை.

சரி, ‘அல்’ வந்தால் இப்படி, வராவிட்டால் அப்படி என்று சூத்திரம் போடலாமா? போட்டால் எலக்ட்ரிக் ரயிலும் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரும் அதை உடைத்துவிடுவார்கள். அங்கே இருப்பது வெறும் வழக்கம். அதனால் அடைமொழியைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறதோ அதையும் சேர்த்தே படிப்பது நல்லது.

‘அல்’ அல்லாத வால்களும் குழப்பும். ‘சென்சிபிள்’ என்றால் விவேகமானவர். ‘சென்சிடிவ்’ என்றால் சட்டென்று மனம் வாடுகிறவர். இன்றைய கணக்கு இது. 1811இல் ஜேன் ஆஸ்டின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்று நாவலுக்குப் பெயர் வைத்தார். அதில் ‘சென்ஸ்’தான் விவேகம், ‘சென்சிபிலிட்டி’ உணர்ச்சியில் கரையும் மனசு. சொல்லே இப்படிப் பக்கம் மாறி நின்றால் நாம் குழம்பாமல் இருப்போமா!

குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் இடமும் உண்டு. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்கரெக்ட்’ என்றால் சரியில்லை. அங்கே ‘இன்’ மறுப்பு. அதே கணக்கில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த ‘இன்’ மறுப்பு அல்ல. தீ மூட்டுதல் என்ற லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. இந்த ஆபத்தை எண்ணித்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃபிளேமபிள்’ என்று பெயர். ஆகவே நேயர்களே, இரண்டில் எந்தச் சொல்லைக் கண்டாலும், கையில் பீடி சிகரெட் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள்.