வாடகை வீடும் ஸ்தலஸ்தாபனமும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வுக்காக நாம் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். போனசுக்காக மில் வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அப்படிப் போராடிப் பெற்ற கூலி உயர்வை, மாதம் பிறந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்று வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாரே, அதைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்? முதலாளி ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு முதலாளி மறு கையால் பறித்துக்கொண்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன?

லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. வரிசைக்கு ஒரு குழாய். ஏழெட்டுக் குடும்பங்களுக்கு ஒரு கக்கூஸ். கரண்டுக்கு மின்வாரியம் கேட்கும் விலை ஒன்று, வீட்டுக்காரர் கேட்கும் விலை வேறொன்று. மழை பெய்தால் ஒழுகுகிறது என்று வாய் திறந்தால், "பிடிக்கவில்லையா, காலி பண்ணு" என்பதுதான் பதில்.

கிராமத்தில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பண்ணையார் மனையில் குடிசை. வாடகை என்று ரொக்கம் கேட்பதில்லை. ஆனால் கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரி என்கிறார்கள். வேலையும் போய், தலைக்கு மேல் இருக்கும் கூரையும் போய்விடும் என்ற பயத்திலே எத்தனை நியாயமான கோரிக்கைகள் தொண்டையோடு நின்றுவிடுகின்றன!

"இதையெல்லாம் கேட்கத்தானே நகரசபை? இதற்குத்தானே பஞ்சாயத்து?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. தொழிலாளியை நகரத்து ஓரறை வீடுகளில் முதன்முதலாக ஆயிரக்கணக்கில் அடைத்த தேசம் பிரிட்டன். அங்கே நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வி எழுந்து, பதில் கிடைத்து, அந்தப் பதில் பறிபோயும் இருக்கிறது. அந்தக் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

யார் கண், யார் மேல்?

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற நகரம். பஞ்சாலை, இரும்பாலை, கப்பல் கட்டும் தளம் என்று தொழில் பெருகிய ஊர். காய்ச்சல் நோய்கள் அடிக்கடி பரவின. 1862-ல் ஒரு சட்டம் வந்தது. சின்ன வீடுகளை நகராட்சி அளந்தது. ஒரு ஆளுக்கு 300 கன அடி இடம் என்று கணக்குப் போட்டு, இத்தனை பேர்தான் தங்கலாம் என்று எழுதிய தகரத் தகட்டைக் கதவில் அடித்தது. நடு இரவில் இன்ஸ்பெக்டர்கள் வந்து கதவைத் தட்டித் தலைகளை எண்ணினார்கள். கூடுதலாக இருந்தவர்கள் அலமாரிக்குள்ளும் கூரை மேலும் ஒளிந்தார்கள்.

இதுவும் மேற்பார்வைதான், தோழர்களே! ஆனால் யார் மேல்? அந்த அறையைக் கட்டி, அளவுக்கு மீறி வாடகை வாங்கியவன் தன் பங்களாவில் நிம்மதியாகத் தூங்கினான். வாடகை கொடுத்தவன் கூரை மேல் நடுங்கினான். கூலி பற்றாமல்தான் ஒரே அறையில் இரண்டு குடும்பம் என்ற உண்மையை எந்த இன்ஸ்பெக்டரும் எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே, "நகரசபை மேற்பார்வை" என்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் நாம் கைதட்டிவிடக் கூடாது. யாருடைய கண், யார் மேல் என்று முதலில் கேட்க வேண்டும்.

தெருவும் பட்டறையும் சேர்ந்தபோது

அதே கிளாஸ்கோவில் 1915-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம். ஆயுத உற்பத்திக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊருக்குள் வந்தார்கள். வீடு கிடைக்கவில்லை. இதுதான் சமயம் என்று வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். சில இடங்களில் கால் பங்கு வரை. புருஷன் போர்முனையில், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ்!

பெண்கள் கிளம்பினார்கள். கோவன் பகுதியைச் சேர்ந்த மேரி பார்பர் என்ற தொழிலாளர் குடும்பத்துப் பெண்மணி முன்னே நின்றார். உயர்த்திய வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று தெருத் தெருவாக முடிவு செய்தார்கள். காலி செய்ய அமீனா வந்தால் மணி அடிப்பார்கள். மணிச் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுப் பெண்களும் மாடிப்படியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அமீனாவின் மேல் மாவுப் பொட்டலம் பறக்கும். சுமார் 20,000 குடும்பங்கள் இந்த வாடகை மறுப்பில் இறங்கின.

நவம்பர் 17-ம் தேதி 18 பேரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அன்றைக்குக் கப்பல் தளங்களிலே தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கோர்ட்டை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். வழக்கு வாபஸ் ஆயிற்று. டிசம்பர் மாதத்திலேயே பார்லிமெண்டு சட்டம் போட்டது: சிறு வீடுகளின் வாடகை, யுத்தம் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த அளவுக்கு மேல் போகக் கூடாது!

எந்த மந்திரியும் மனமிரங்கிக் கொடுத்த சட்டமல்ல அது. தெருவில் பெண்களும் பட்டறையில் ஆண்களும் ஒன்று சேர்ந்ததால் வந்தது.

நகரசபையே வீட்டுக்காரர்

வாடகை நின்றது. ஆனால் லாபம் குறைந்த வீட்டுக்காரர்கள் மராமத்தை நிறுத்தினார்கள். புது வீடு கட்டவும் மறுத்தார்கள். விலையைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, வீடும் கட்ட வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1919-ல் வந்த சட்டம், ஊரில் எத்தனை வீடு தேவை என்று கணக்கெடுத்துக் கட்டும் கடமையை ஸ்தலஸ்தாபனங்கள் மேல் வைத்தது. 1921-ல் சிக்கனம் என்று சொல்லிப் பணத்தை வெட்டினார்கள். 1924-ல் தொழிற்கட்சி சர்க்காரில் மந்திரியாக இருந்த கிளாஸ்கோக்காரர் ஜான் வீட்லி மறுபடியும் வழி திறந்தார். நகரசபை கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 9 பவுன் வீதம் 40 ஆண்டுகளுக்கு சர்க்கார் உதவி. விவசாயக் கிராமங்களில் 12½ பவுன். இந்தச் சட்டத்தால் 5 லட்சம் வீடுகள் எழுந்தன. மேரி பார்பரும் 1920-லேயே கிளாஸ்கோ நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1970-களின் இறுதியில் பிரிட்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் நகரசபை வீட்டில் வாடகைக்கு இருந்தது.

குறைகள் இல்லையா? இருந்தன. மராமத்துக்கு மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். தனியார் வீட்டுக்காரரை நாம் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. நகரசபையை மாற்றலாம்.

விவசாயத் தொழிலாளர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் பண்ணையார் மனை மாதிரியே இங்கிலாந்தில் பண்ணையோடு பிணைத்த வீடுகள் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். விவசாயத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் இதை எதிர்த்தது. 1976-ல்தான் சட்டம் வந்தது. வேலை போன மாத்திரத்தில் தொழிலாளியை வெளியேற்ற முடியாது. பண்ணைக்கு அந்த வீடு தேவை என்றால், தொழிலாளிக்கு மாற்று வீடு கிடைக்க ஸ்தலஸ்தாபனம் முழு முயற்சி எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. வீட்டையும் வேலையையும் கட்டிய கயிறு அறுந்தது.

கை கழுவியதும் விளைந்த கேடும்

1980-ல் மார்கரெட் தாட்சர் சர்க்கார், நகரசபை வீடுகளைக் குடியிருப்போருக்குத் தள்ளுபடி விலையில் விற்கச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு தொழிலாளி சொந்த வீடு வாங்கியதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் விற்ற பணத்தை எடுத்துப் புது வீடு கட்ட நகரசபைகளின் கையைக் கட்டிப் போட்டார்களே, அதுதான் சூது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. அதில் பல வீடுகள் கைமாறித் தனியார் வீட்டுக்காரர்களிடம் சேர்ந்து, இன்று பல மடங்கு வாடகைக்கு விடப்படுகின்றன.

மிச்சமிருந்த வீடுகளைப் பல நகரசபைகள் தாமே நிர்வகிக்காமல் வேறு அமைப்புகளிடம் விட்டன. அதன் விளைவை 2017 ஜூன் 14-ம் தேதி அதிகாலையில் உலகமே பார்த்தது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடம். சொந்தக்காரர் கென்சிங்டன்-செல்சி நகரசபை. நிர்வாகம் ஒரு தனி அமைப்பிடம். நாலாவது மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் பற்றிய தீ, வெளிச்சுவரில் ஏறி உச்சி வரை போயிற்று. 72 பேர் மாண்டார்கள்.

ஏன் ஏறியது? அதற்குச் சில காலம் முன்புதான் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று வெளிச்சுவரில் தகடு பதித்தார்கள். துத்தநாகத் தகடு போடுவதாக இருந்தது. செலவைக் குறைக்க, உள்ளே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக்தான் எரிந்தது. அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே சொல்லவில்லையா? சொன்னார்கள். பெரிய விபத்து நடந்தால்தான் இந்த நிர்வாகத்தின் லட்சணம் வெளியே வரும் என்று 2016 நவம்பரிலேயே எழுதினார்கள். அவர்களைத் தொல்லைக்காரர்கள் என்று ஒதுக்கினார்கள்.

2024 செப்டம்பரில் விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை வந்தது. ஒவ்வொரு சாவும் தவிர்த்திருக்கக் கூடிய சாவு என்று விசாரணைத் தலைவரே சொன்னார். தகடு விற்ற கம்பெனிகள், சர்க்கார், நிர்வாக அமைப்பு, நகரசபை எல்லோரும் குற்றத்தில் பங்காளிகள். கட்டட வேலையைச் சோதிக்க வேண்டியது அதே நகரசபையின் இலாகாதான். அதுவும் தன் கடமையில் தவறியது என்று அறிக்கை சொல்கிறது.

ஆகவே இரண்டாவது பாடம்: வீடு நகரசபையுடையது என்றால் மட்டும் போதாது. நகரசபையின் மேலும் குடியிருப்போரின் கண் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் பார்த்தோமே! 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. அதை ஊருக்குக் காட்டியவர்கள் அங்கே குடிபோன மக்கள்தான்.

நம் ஊரில் நாம் கேட்பது

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதில் நியாய வாடகை நிர்ணயம் உண்டு. 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் அதை ரத்து செய்தது. இப்போது வாடகை என்பது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. வீடில்லாதவனும் வீடுள்ளவனும் சமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் செய்கிறார்களாம்! ஒப்பந்தத்தைப் பதிவது ரெவின்யூ இலாகாவைச் சேர்ந்த வாடகை அதிகாரியிடம். தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது; அதை நாம் பயன்படுத்த வேண்டும். ஆனால் கம்பெனி தன் தொழிலாளிக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் குடியிருப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கிராமத்திலோ, 1971-ம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், குறிப்பிட்ட நாளில் பிறர் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கியது. அதற்குப் பிறகு குடிசை போட்டவர்கள் கதி?

ஆகவே நாம் கேட்பது இதுதான்.

முதலாவது, வாடகை வீடுகளுக்கு நகரசபையில் ஒரு பதிவேடு. எத்தனை அறை, எத்தனை குடும்பம், எத்தனை குழாய், எத்தனை கக்கூஸ், என்ன வாடகை? ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் கொடுத்து வரி வாங்கத் தெரிந்த நகரசபைக்கு இதை எழுதத் தெரியாதா?

இரண்டாவது, சோதனைக்கு வரும் அதிகாரியின் உத்தரவு வீட்டுக்காரர் பெயருக்குப் போக வேண்டும். ஒழுகும் கூரையைச் சரிசெய் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்; குடியிருப்பவனைக் காலி செய் என்று சொல்லக் கூடாது. புகார் கொடுத்த குடும்பத்தை அதற்காக வெளியேற்றுவதைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, மில் குவார்ட்டர்சும் ஹாஸ்டலும் இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். வேலை போன நாளிலேயே மூட்டையைத் தூக்கித் தெருவில் எறிவதை நிறுத்த வேண்டும்.

நான்காவது, நகரசபையே குறைந்த வாடகை வீடு கட்ட வேண்டும்; அவற்றின் நிர்வாகத்தில் குடியிருப்போர் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு இடம் வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1923-ல் வீட்டு வரி ஒன்று போட்டது. ஓரறைக்காரனுக்குச் சொற்பம், மாளிகைக்காரனுக்குப் பெரும் தொகை. அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1934-ல் பாசிஸ்டுகள் பீரங்கி வைத்து அந்தக் குடியிருப்புகளைச் சுட்டார்கள். ஆனாலும் வீடுகள் தனியாருக்குப் போகவில்லை. இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் அந்த நகராட்சியின் கையில் இருக்கின்றன. பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அல்ல, எடுக்க மனமில்லாமல்தான் கேட்கிறார்கள்.

தோழர்களே! நகரத்தில் வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் சட்டத்தில் இருக்கின்றன. கிராமத்தில் ஆண்டுக்கு 6 நாள் கிராமசபை. அங்கே போய் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு லைனிலும் ஒரு கமிட்டி போடுங்கள். தாய்மார்கள் முன்னே நிற்கட்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே நாள் முழுவதும் இருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு வீட்டின் மேல் நோட்டீஸ் வந்தால் லைன் முழுவதும் கூடட்டும். லைன் கூடினால் சங்கம் கூடட்டும்.

கூலிக்கு ஒரு சங்கம் போல், கூரைக்கும் ஒரு சங்கம் வேண்டும். அதை இந்த மாதமே தொடங்குவோம்!