கடலடியில் ஒரு கணக்கு



பேரேட்டின் பெருமை அறிந்த பூமி இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் வாழ்ந்த நெற்குப்பையில், வரவும் பற்றும் எழுதாத வாணிபம் ஏது? அந்த ஊரில் நின்று ஒரு புதுக் கணக்கைச் சொல்கிறேன். புகையின் கணக்கு!

அரியலூர்ச் சீமையிலே சிமெண்டு ஆலைகள் பார்த்திருப்பீர்கள். அங்கே நிலக்கரியை நிறுத்தினாலும் கரியமிலவாயு நிற்காது. சுடப்படும் சுண்ணாம்புக்கல்லே அதைக் கக்கும். வானம் எத்தனை நாள் சுமக்கும்? கடலடிப் பாறையில் பூட்டி வை என்கிறது விஞ்ஞானம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நார்வே நாடு 1991-இல் அந்த வாயுவுக்கு வரி விதித்தது. வரி உறைத்தது! 1996 முதல் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில், ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரையில், உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் வாயுவைச் செலுத்தினார்கள். மேலே களிப்பாறை மூடியாக நிற்கிறது. 2025 ஆகஸ்டிலே, பிரெவிக் சிமெண்டு ஆலையின் வாயு கப்பலேறிச் சென்று, கடற்படுகைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் அடைபட்டது.

குழாய் பதிப்பது எளிது. உடன்பாடு காண்பதுதான் அரிது. ஒரு நாட்டு வாயுவை மறுநாட்டுக் கடலடிக்கு அனுப்ப 2009-இல் இலண்டன் நெறிமுறையைத் திருத்தினர். ஏற்ற நாடுகள் போதவில்லை. 2019-இல்தான் இடைக்கால வழி பிறந்தது.

நம் வாசலுக்கு வருவோம். தூத்துக்குடியில் ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கும் ஏற்பாடு 2016-இல் எழுந்தது. பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். புதைக்க இடம் தேடினால் கண்ணில் படுவது காவிரிப் படுகை. அதுவோ தஞ்சைத் தரையோடு நிற்கவில்லை. பாக் நீரிணையின் அடியில் ஓடி இலங்கையின் வடபுறத்தைத் தொடுகிறது. பாறைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

கச்சத்தீவை நம் கையிலிருந்து நழுவவிட்ட அதே 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். எண்ணெய், எரிவாயு, கனிம வயல்கள் எல்லை தாண்டிக் கிடந்தால் இரு நாடுகளும் பேசி முடிவு காண வேண்டும் என்கிறது. எடுப்பதற்கு வழி சொன்ன ஏட்டில், புதைப்பதற்கு ஒரு வரியுமில்லை!

அக்கரையில் அழுத்தினால் இக்கரையில் அழுத்தம் ஏறாதா? நூறாண்டு கழித்துக் கசிந்தால் பொறுப்பு யாருக்கு? வலை வீசும் மீனவனைக் கேட்டது யார்? முதல் குழாய் இறங்குமுன் இவற்றுக்கு விடை எழுதப்பட வேண்டும். எழுதும் மேசையில் தமிழகமும் மீனவனும் அமர வேண்டும். புதைக்க இடமுண்டு என்று புகையைப் பெருக்குவோருக்கு அங்கே இடம் கூடாது.

இருட்டறையில் எழுதிய ஏட்டின் பலனை 1974-க்குப் பின் நம் மீனவன் சுமந்தது போதும். இந்தப் பேரேடு விரிந்தே கிடக்கட்டும்; பார்க்கும் உரிமை நமக்கு!