துறைமுகத்தில் நின்ற கப்பல்: ஜப்பானிய ஐந்தாம் விமானந்தாங்கிப் பிரிவு குறித்த ஒரு வழக்கு

நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

நான் எதைப் பேசப்போகிறேன் என்பது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். முன்வரிசையில் இருவர் இப்போதே சிரிக்கிறார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது ஜப்பானிடம் ஆறு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒன்றாக இருந்தன. 1942 ஜூனில் மிட்வே தீவைத் தாக்கத் தளபதி நகுமோ நான்கோடுதான் போனார். ஏன்? 'மீதி இரண்டில் ஷோகாக்கு அடிபட்டிருந்தது, ஜுய்காக்குவிடம் விமானம் இல்லை' என்று நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நான் ஏற்றதில்லை. இல்லாமற்போனது விமானம் அல்ல. ஒரு கப்பலின் விமானிகளை இன்னொரு கப்பலில் ஏற்றிப் போருக்கு அனுப்பலாம் என்கிற வழக்கம்தான் அந்தக் கடற்படையில் இல்லை.

2. மே மாதம், 1942

ஷோகாக்கு 1941 ஆகஸ்டிலும் ஜுய்காக்கு செப்டம்பரிலும் பணியில் சேர்ந்தன. இரண்டும் சேர்ந்ததே ஐந்தாம் விமானந்தாங்கிப் பிரிவு. மூத்த பிரிவுகள் இவர்களைக் கற்றுக்குட்டிகளாகவே பார்த்தன. பேர்ல் ஹார்பரில் போர்க்கப்பல்களை மூத்தவர்கள் எடுத்துக்கொள்ள, இவர்களுக்கு விமானத்தளங்கள் கிடைத்தன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின்மேல் பாய்ந்த 38 முக்குளிப்புக் குண்டுவீச்சு விமானங்களும் இந்த இரு கப்பல்களுக்குரியவை. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பலான ஹெர்மிஸை மூழ்கடித்ததிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு.

அந்த விமானங்களின் உடலில் வெள்ளைப் பட்டைகள் இருந்தன: ஷோகாக்குவுக்கு ஒன்று, ஜுய்காக்குவுக்கு இரண்டு. என் வாதம் அந்தப் பட்டையில் தொடங்குகிறது. விமானப் பிரிவு கப்பலின் ஓர் அங்கம். அதற்குத் தனிப் பெயர் கிடையாது, தனி இருப்பும் கிடையாது. கப்பல் பழுதானால் விமானிகள் அதோடு காத்திருப்பார்கள். விமானிகள் அழிந்தால் கப்பல் காத்திருக்கும்.

இனிப் பவளக்கடல் போர். மே 7 மாலையில் பிரிவின் தளபதி ஹரா சூயிச்சி 27 விமானங்களை அந்தி நேரத் தாக்குதலுக்கு அனுப்பினார். ஒன்பது திரும்பவில்லை. இருட்டில் சிலர் அமெரிக்கக் கப்பலைத் தமது கப்பல் என்று எண்ணி இறங்கப் பார்த்தார்கள். மறுநாள் காலை 69 விமானங்கள் கிளம்பின. இரு கப்பல்களின் விமானங்களும் ஒரே அணியாக, ஷோகாக்குவின் தகாஹாஷி ககுயிச்சி தலைமையில் போயின. அமெரிக்க விமானந்தாங்கி லெக்சிங்டன் மூழ்கியது, தகாஹாஷி திரும்பவில்லை. அதே நேரத்தில் ஷோகாக்குமேல் மூன்று குண்டுகள் விழுந்து அதன் தளம் பயனற்றுப் போனது. மழைத்திரைக்குள் மறைந்திருந்த ஜுய்காக்குவுக்கு ஒரு கீறலும் இல்லை. திரும்பி வந்த ஷோகாக்கு விமானங்கள் அதன் தளத்தில் இறங்கின. இடம் போதாமல், சேதப்பட்ட விமானங்களைக் கடலில் தள்ளினார்கள்.

இதைக் கவனியுங்கள். ஒரே அணியாகப் பறந்து, ஒரே தளத்தில் இறங்கியவர்கள் இவர்கள். 'வேறு வேறு கப்பல்காரர்களைக் கலந்தால் ஒத்திசைவு வராது' என்று என்னிடம் வாதிடும் நண்பர்கள் மே 8 அன்று நடந்ததை என்ன செய்வார்கள்? நாயனம் ஒரு செட், தவில் ஒரு செட் என்றாலும் கல்யாணம் நின்றுவிடுவதில்லை.

ஜுய்காக்கு மே 21 அன்று குரே துறைமுகத்துக்கு வந்தது. நகுமோவின் கப்பல்கள் புறப்பட்டது மே 27. இரு கப்பல்களின் விமானப் பிரிவுகளிலும் எஞ்சியவற்றைச் சேர்த்தால் முழுப் பிரிவு தேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; குண்டுவீச்சு, டார்பிடோ விமானங்கள் மிகவும் குறைந்திருந்தன. ஆனால் சண்டை விமானங்கள் கணிசமாக மிஞ்சின. ஜூன் 4 காலை மிட்வேயில் நகுமோவின் தலைக்குமேல் போதாமல் போனது அந்தக் காவல்தானே?

எதிர்த்தரப்பைப் பாருங்கள். பவளக்கடலில் குண்டடிபட்ட அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுன் மே 27 அன்று பேர்ல் ஹார்பருக்கு வந்தது. 30ஆம் தேதி புறப்பட்டுவிட்டது. தன் விமானப் பிரிவில் பெரும்பகுதியைக் கரையில் விட்டு, சரடோகா என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலின் விமானப் பிரிவுகளை ஏற்றிக்கொண்டு போனது. நகுமோவின் நான்கு கப்பல்களில் ஒன்றான சோர்யூவை எரித்தவர்கள் அந்தக் கடன் விமானிகள்.

3. மறுப்புகள்

'அகந்தைதான் காரணம், யார்க்டவுனும் மூழ்கிவிட்டது என்று நம்பினார்கள், நான்கே போதும் என்றிருந்தார்கள்' என்பது வலுவான மறுப்பு. அந்த நம்பிக்கை இருந்தது உண்மை. அவர்கள் அவசரப்படாததற்கு அது விடை. அவசரப்பட்டிருந்தால் கையாள ஒரு வழிமுறை இருந்ததா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

'மிட்வேயில் விமானிகள் அழிந்தார்கள்' என்பது இன்னொன்று. அங்கே இறந்த ஜப்பானிய விமானக் குழுவினர் சுமார் 110 பேர். அதே ஆண்டு அக்டோபர் 26, சாண்டா குரூஸ் போரில் அதைவிட அதிகம், சுமார் 148 பேர். வென்றதாக ஜப்பான் கொண்டாடிய போர் அது.

4. 1944

சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 பிப்ரவரியில் விமானப் பிரிவைக் கப்பலிலிருந்து பிரித்தார்கள். தைஹோ, ஷோகாக்கு, ஜுய்காக்கு ஆகிய மூன்று கப்பல்களுக்குமாக 601ஆம் கடற்படை விமானப் பிரிவு உருவானது. நான் கேட்கும் சீர்திருத்தம் இதுவே. ஆனால் அதைப் பயன்படுத்தப் பழகிய விமானிகள் அப்போது இல்லை. தாவி-தாவி நங்கூரத்துறையில் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிப் பயிற்சியும் நின்றது. ஜூன் 19 அன்று நடந்த போரில் 601இன் முதல் அலையில் சென்ற 128 விமானங்களில் 97 அழிந்தன. தைஹோவும் ஷோகாக்குவும் அன்றே மூழ்கின. 'சீர்திருத்தம் செய்தும் தோற்றார்களே' என்பவர்களுக்கு, இரண்டாண்டு பிந்திவிட்டது என்பதே என் பதில்.

5. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் முடிந்ததாகத் தலைவர் சைகை காட்டுகிறார். மாணவர்களுக்குச் சில குறிப்புகள். ஜுய்காக்குவின் கடைசிப் பயணத்தில், 1944 அக்டோபரில், வேறொரு பிரிவான 653இன் விமானங்களே பெரும்பாலும் ஏறின. அந்த மாற்றத்தை யாராவது எழுதுங்கள். 1945 பிப்ரவரியில் 601இலிருந்து இவோ ஜிமாவுக்குத் தற்கொலைத் தாக்குதலணி போனது. கப்பல் இல்லாத கப்பற்பிரிவின் கதை அது. தரைப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வு வேண்டும். கொழும்பு, திருகோணமலைத் தாக்குதல்களை இருதரப்புப் பதிவுகளோடும் ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் வாதம் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். மறுக்க விரும்பும் நண்பர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.