கணித ஆசிரியரை உருவாக்குவது யார் பொறுப்பு?

(ஆசிரியர் கல்வி குறித்த கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு உயர்கல்வியின் வாசலில் குறுக்கே நிற்பது கணிதத் தேர்வு. தோற்ற பிள்ளையின் அறிவைக் குறை கூறுவது எளிது. அந்தப் பிள்ளைக்குக் கணிதம் கற்பித்தவர் எப்படித் தயாரிக்கப்பட்டார் என்ற கேள்வியை மட்டும் ஆட்சியாளர்கள் எழுப்புவதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகப் பேராசிரியர் ஆர்.ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, கணிதக் கல்வியின் நான்கு சிக்கல்களைச் சுட்டியது. பிள்ளைகளின் அச்சமும் தோல்வி உணர்வும், ஏமாற்றமளிக்கும் கலைத்திட்டம், பக்குவமற்ற மதிப்பீட்டு முறை, ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பும் ஆதரவும் இல்லாமை என்பவையே அவை. முதல் மூன்றையும் வகுப்பறையில் எதிர்கொள்ள வேண்டியவர் ஆசிரியரே. ஆகவே நான்காவதைத் தீர்க்காமல் மற்றவை தீரா.

இளங்கலைக் கணிதம் பயில்பவர் மூன்றாண்டுகள் மெய்ப் பகுப்பாய்வு, குலம், வளையம் எனக் கற்கிறார். பின்னர் பி.எட். வகுப்பில் கல்வி உளவியலும் கற்பித்தல் முறைகளும் கற்கிறார். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது அரிது. 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 0.35 என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. 5ஐவிட 35 பெரிது என்ற முழு எண் அறிவை அவர்கள் இங்கும் பொருத்துகிறார்கள். அது மந்தபுத்தி அன்று; காரணமுள்ள பிழை. சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்வது ஒரு வழி. 0.5 என்பது 0.50 என்று காட்டி, இடமதிப்புக்கு மீண்டும் அழைத்துச் செல்வது மற்றொரு வழி.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவது ஏன்? பங்கீட்டு விதியிலிருந்து அதை நிறுவக் கற்ற பட்டதாரி, பள்ளியில் அதை வெறும் மனப்பாட விதியாக ஒப்பிக்கச் செய்கிறார். 2×(−3)=−6, 1×(−3)=−3, 0×(−3)=0 என எழுதினால், ஒவ்வொரு படியிலும் விடை 3 கூடுவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அடுத்த படியான (−1)×(−3) என்பதற்கு 3 என்ற விடையையும் அதுவே சொல்லும். கணிதமும் கற்பித்தலும் இணையும் இடம் இதுதான்.

இந்த இணைப்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. 1960களிலேயே அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டு, நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு நடத்தப்பட்டது. 1980களில் சட்டோபாத்யாயா ஆணையமும் இவ்வழியையே பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பொதுத்துறை முன்மாதிரி நாடெங்கும் விரிவாக்கப்படவில்லை. களம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. பணிக்கு முந்தைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுசாராதவை என்று 2012இல் நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் கூறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்பதை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி ஒப்புக்கொள்கிறது.

2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது அக்கொள்கை. 2023-24இல் 57 நிறுவனங்களில் இப்படிப்பு முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டமும் ஈராண்டு பி.எட்.டும் சேர்ந்து ஐந்தாண்டு ஆகும் இடத்தில் ஓராண்டு மிச்சமாகிறது. ஏழைக் குடும்பத்துக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது சிறிய பயன் அன்று. எனவே நான்காண்டு என்ற வடிவத்தின் மீது சண்டையில்லை. யார் நடத்துவது, யார் செலவை ஏற்பது, முடிவில் வேலை உண்டா என்பவையே கேள்விகள்.

சேர்க்கைக்குத் தேசியத் தேர்வு முகமையின் அகில இந்திய நுழைவுத் தேர்வு வைக்கப்படுகிறது. கல்வி பொதுப்பட்டியலில் இருக்க, சேர்க்கையின் சாவி மட்டும் தில்லிக்குப் போகிறது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்து மாணவர் பின்தள்ளப்படுகிறார். பட்டம் பெற்றவருக்குக் காத்திருப்பதோ பல மாநிலங்களில் ஒப்பந்தப் பணியும் தொகுப்பூதியமும்தான். நிலையான வேலையற்றவர் பிள்ளைகளின் பிழைகளைப் பொறுமையுடன் ஆராய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒருங்கிணைந்த கணித ஆசிரியர் படிப்பை அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் நடத்த வேண்டும். கணிதத் துறையும் கல்வியியல் துறையும் சேர்ந்து பாடம் வகுக்க வேண்டும். பள்ளிப் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். தாய்மொழியில் பயிலவும் தேர்வெழுதவும் உரிமை வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரந்தர நியமனங்களால் நிரப்பப்பட வேண்டும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. உழைப்பாளியின் பிள்ளைக்கு இருப்பது அரசுப் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவரே. அந்த ஒருவரைச் செம்மையாக உருவாக்குவது அரசின் கடமை. அக்கடமையைச் செய்யவைக்கும் போராட்டத்தில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் ஓரணியில் திரள வேண்டும்.